வாசல்காரன் கணக்கு

என் வேலை பாதங்களோடு.
ஆர்த்திபொனீத் ஆறு வளையும் இடத்தில் ஒரு வெள்ளைக் கூடாரம்,
அதற்கு ஒரே வாசல்,
வாசலில் நான், முதுகில் குளோரின் டப்பா.
போகிற பாதத்துக்கு ஒரு பீச்சு,
வருகிற பாதத்துக்கு ஒரு பீச்சு.
துணைக்கு வருகிறவர் தனியாக வந்தால்
அழுதாலும் விடமாட்டேன்.
நோயாளியை ஒட்டி வந்தால் விடுவேன், ஒருவரை மட்டும்.
ஹைத்தி முழுவதும் இதே சட்டமா, தெரியாது.
இங்கே இதுதான்.

மெரிலுஸைக் கதவில் தூக்கி வந்தார்கள்.
கீலிலிருந்து பெயர்த்த கதவு,
நீலச் சாயம், ஓரத்தில் சாவித்துளை.
நாலு பேர் தோளில் ஒரு வாசல் என் வாசலுக்கு வந்து நிற்க
எதை எதற்குள் விடுவதென்று ஒரு கணம் குழம்பிப்போனேன்.
அவன் கண் குழிக்குள் போயிருந்தது.
கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது.
அக்கா ரோஸ்மேன் அவன் சட்டையைப் பிடித்திருந்தாள்;
அவள் உள்ளே. மற்றவர்கள் வெளியே.
கதவைத் தார்ப்பாயில் சாய்த்து வைத்தேன்.

நள்ளிரவில் நர்ஸ் யோலேத் சிகரெட்டுக்கு வெளியே வருவாள்.
கையுறை வந்த அட்டைப்பெட்டியில்
எனக்கு ஒரு குடலை வரைந்து காட்டினாள்.
"சுவர் இல்லை எக்ஸாந்தூஸ், வரிசையாகச் செல்கள்.
ஒவ்வொன்றுக்கும் எண்ணெய்த் தோல்.
உப்பு அதில் முட்டும், நுழையாது.
நுழைய வேண்டுமானால் தோலில் பதிந்த புரதம் வேண்டும்.
அது கதவு. காவலும் அதுவே."

கிருமி செல்லுக்குள் வருவதே இல்லையாம்.
அதன் நஞ்சு மட்டும் போய்
ஒரு கதவைத் திறந்தபடி மாட்டிவிடுகிறதாம்.
குளோரைடு போகிறது, பின்னால் சோடியம் போகிறது,
அவை போனபின் தண்ணீருக்கு இங்கே என்ன வேலை,
அதுவும் போகிறது, வாளி வரைக்கும்.

"அதை மூடேன்."
"மூடத் தெரியாது. பக்கத்துக் கதவைத் தட்டுவேன்."

பக்கத்துக் கதவை நஞ்சு தொடவில்லை.
அது உப்பைத் தனியாக விடாது,
சர்க்கரையையும் தனியாக விடாது.
சோடியம் இரண்டு, குளுக்கோஸ் ஒன்று,
மூன்றும் இடம் பார்த்து உட்கார்ந்த பிறகு
வெளிமுகத்தை மூடி உள்முகத்தைத் திறக்கும்.
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறப்பதே இல்லை.
இவை உள்ளே போனால் தண்ணீர் தானாக வரும்.
எனக்குச் சிரிப்பு வந்தது. என் சட்டம்.
"பின்பக்கம் இன்னொருவன் இருக்கிறான்," என்றாள்,
"மூன்று சோடியத்தை வெளியே தள்ளி
இரண்டு பொட்டாசியத்தை இழுத்துப் போட்டபடி. ஓயாமல்.
அவனுக்குக் கூலி அன்றாடம்."
எனக்கு இரண்டு மாதம் பாக்கி என்றேன்.

சர்க்கரை.
வடக்குச் சமவெளியில் அதற்குக் கை கொடுத்தவர்கள் என் முன்னோர்.
கை கொடுத்தவர்கள் என்றால்
ஆலை உருளைக்குள் போன கை.
ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு,
ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீர்:
ரோஸ்மேன் கலக்கும்போது ஒரு துகள் சிந்தவில்லை.

ஒரு கரண்டி. வாந்தி.
பத்து நிமிடம். ஒரு கரண்டி.
தகரத் தம்ளரில் கரண்டி படும் சத்தத்தை
வாசலிலிருந்து எண்ணினேன், நூற்றுப்பத்தில் தூங்கிவிட்டேன்.
எழுந்தபோது
மூன்றாம் கட்டிலுக்குத் துணையாக வந்தவர்
தனியாக வெளியே வந்தார்.
பாதத்துக்குப் பீச்சினேன்.
அவர் செருப்பை மறந்திருந்தார்.

விடியும் முன் மெரிலுஸின் குரல், எரிச்சலோடு:
"மூத்திரம் போக எங்கே?"
யோலேத் அதை நோட்டில் எழுதினாள், மணியோடு, அடிக்கோடிட்டு.

மூன்றாம் நாள் அவன் நடந்து போனான்.
ரோஸ்மேன் கதவைத் தலையில் ஏற்றினாள்,
இத்தனை ராத்திரியும் வீடு திறந்தே கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே.
அவன் பாதத்துக்குப் பீச்சினேன். அவள் பாதத்துக்கு.
கதவுக்குப் பாதமில்லை.
இருந்தாலும் நிறுத்தி,
நாலு மூலைக்கும், சாவித்துளைக்கும்.